ஏழாவது ரேக்கின் வளைந்த கால்

கிடங்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் 'பிளாஷ் அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்த லாரி டிரைவர்களுக்கும் அக்காதான். லாரியின் பின்கதவு திறந்ததும், யாரும் ஒரு பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், கையில் ஒரு சின்னக் கேமராவோடு வந்து நிற்பாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்பாள். பளிச் பளிச்சென்று நாலு வெளிச்சம் அடிக்கும். அதற்குப் பிறகுதான் சுமை இறங்கும்.

தரையோடுகளும் கை கழுவும் தொட்டிகளும் வந்து இறங்கும் கிடங்கு அது. பத்தில் ஒரு பெட்டியாவது உடைந்து வரும். உடைந்தது வழியிலா, கிடங்கிலா என்று லாரிக் கம்பெனிக்கும் கிடங்குக்கும் தினம் சண்டை. படம் இருந்தால் சண்டை இல்லை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், ஆபீசில் ஒரு கேமரா வாங்கிப் போட்டார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அலைய ஆண்கள் யாருக்கும் பொறுமை இல்லை. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவளிடம் வந்து சேர்ந்தது.

முதல் வாரம் எடுத்த படமெல்லாம் ஒரே வெள்ளை. பெட்டிகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளில் பிளாஷ் பட்டுத் திருப்பி அடித்தது. "அக்கா சூரியனைப் படம் புடிச்சிருக்காங்க" என்று சிரித்தார்கள். அவள் அசரவில்லை. நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தால் வெளிச்சம் தெறிக்காது என்று தானே கண்டுபிடித்தாள். பட்டனைப் பாதி அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த காலைகளில் பேட்டரி மக்கர் பண்ணினால் கழற்றி இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்க்க வேண்டும். தூசி அடைத்து லென்ஸ் வெளியே வராமல் முரண்டு பிடித்தால், அதைத் தட்டக் கூடாது, ஊத வேண்டும். உடைசலின் அளவு தெரிவதற்காகத் தன் இடது கையை அதன் பக்கத்தில் வைத்தே எடுப்பாள். கட்டைவிரலில் பழைய தீக்காயத் தழும்பு இருந்த அந்தக் கை, ஆறு வருடத்தில் பல்லாயிரம் படங்களில் பதிந்துவிட்டது. கேமராவோடு வந்த மெமரி கார்டு ஒருநாள் செத்துப்போனது. ஆபீசில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் புதிது வரவில்லை. கடைசியில் தன் காசிலேயே ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அப்படி லாரிக்கும் சரக்கு அடுக்கும் இரும்பு ரேக்குகளுக்கும் நடுவே நடக்கும்போதுதான் ஏழாவது ரேக் அவள் கண்ணில் பட்டது. சுமை தூக்கும் வண்டி எப்போதோ இடித்ததில் அதன் முன்கால் உள்பக்கமாக மடங்கியிருந்தது. மேலே மூன்று தட்டு நிறையத் தரையோடு. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"பாத்துக்கலாம்மா. நீ உன் வேலையப் பாரு" என்றார் அவர்.

அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள். அன்றைய லாரிப் படங்கள் முடிந்ததும், ரேக்கின் அந்த வளைந்த காலை ஒரு படம் எடுத்தாள். அடுத்த வாரமும் எடுத்தாள். அதற்கடுத்த வாரமும். முதல் படத்தில் வளைவுக்குள் அவளுடைய இரண்டு விரல் போனது. பதினோராவது படத்தில் நாலு விரலும் போனது.

பன்னிரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை முற்பகலில், ஏழாவது ரேக் சரிந்தது. கீழே நின்றிருந்த லோடுமேனின் வலதுகால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பதால் அவருக்கு 'மலை' என்று பேர். அந்த மலை அன்றைக்குக் கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.

மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. தடையை மீறி ரேக்கின் மேல் ஏறியதால் விபத்து, தவறு முழுவதும் தொழிலாளியுடையது, வேலையிலிருந்து நீக்கம் என்று எழுதியிருந்தது. மலையின் மனைவி வாசலில் வந்து நின்று அழுதாள். "அவருக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும். அவர் போயி ரேக்குல ஏறுவாரா?" காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். பிளாஷ் அக்காவும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் தலையைக் குனியவில்லை.

மாலையில் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். என்றைக்கும் இல்லாத மரியாதையாக நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும்மா. அந்த ரேக்க நீ ஏதோ போட்டோ எடுத்து வெச்சிருக்கியாமே?"

"பதினொண்ணு இருக்கு சார்."

"அதெல்லாம் எதுக்கு? வேண்டாத குப்பை. அழிச்சிரு."

"குப்பைன்னு இத்தனை நாள் உங்க கண்ணுல படலையே சார்."

அவர் முகம் மாறியது. "கேமரா கம்பெனியோடது. கொண்டா இங்க."

அவள் கேமராவை எடுத்தாள். அடிப்பக்க மூடியைத் திறந்து, நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினாள். கார்டு துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கேமராவை மட்டும் மேசைமேல் வைத்தாள்.

"கேமரா உங்களுது. கார்டு என்னுது."

"உள்ள இருக்கிற படம் கம்பெனியோடது!"

"இருக்கட்டும். விசாரணைக்கு அதிகாரி வருவாங்கல்ல, அவங்க முன்னால கேளுங்க. ஒண்ணு விடாமத் தர்றேன்."

கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வழியில் ஈ குறுக்கே வந்தாலும் ஹாரன் அடிக்கிற பயந்த மனிதர். நடந்ததைக் கேட்டதும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஊரான் வம்பை எதுக்கு விலைக்கு வாங்குற? மலை நமக்கு மாமனா மச்சானா? உன் வேலை போச்சுன்னா?"

"போனாப் போகுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறாங்க. பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கிறவங்கதான் நிம்மதியா இருக்காங்க."

"அந்த ரேக்குக்கு அடியில நானும் ஒரு நாளைக்கு இருபது தடவை நடந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். ஆனால் விசாரணை நாளன்று, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனைக் கொண்டுவந்து கிடங்கு வாசலில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

தொழிலாளர் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண். அதிகம் பேசாதவர். மேசையின் மறுபக்கம் மலை, மாவுக்கட்டுப் போட்ட காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டியிருந்தார். பிளாஷ் அக்கா கார்டைக் கொடுத்தாள். அதிகாரி தன் மடிக்கணினியில் அதைச் செருகி, பதினொரு படத்தையும் வரிசையாக ஓட்டினார். இரண்டு விரல், மூன்று விரல், நாலு விரல்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், இந்தக் கேமராவுல தேதிய நாம எப்படி வேணும்னாலும் மாத்தி வெச்சுக்கலாம். பேட்டரிய கழட்டி வெச்சா அதுவாவே மாறிடும். இதெல்லாம் ஒரு ஆதாரமா? விபத்துக்கப்புறம் கூட எடுத்திருக்கலாம்."

அதிகாரி அவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"தேதிய மாத்தலாம் மேடம், நெசந்தான். ஆனா படத்துக்குக் கேமரா வரிசையாப் போடுற நம்பரை யாரும் மாத்தல. ஏழாவது ரேக்குப் படத்துக்கு முன்னால இருக்கிறதையும் பின்னால இருக்கிறதையும் பாருங்க."

முன்னால் ஒரு லாரி. பின்னால் இன்னொரு லாரி. உடைந்த பெட்டி, லாரிச் சீட்டு, சீட்டில் டிரைவரின் கையெழுத்து.

"இந்த லாரிப் படத்தையெல்லாம் இதே நம்பர், இதே தேதியோட லாரிக் கம்பெனிக்கு அனுப்பி, உடைஞ்சதுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதினது சார்தான். ஒவ்வொண்ணுலயும் அவர் கையெழுத்து இருக்கு. என் ரேக்குப் படம் பொய்யின்னா, சார் அனுப்பின அத்தனையும் பொய். எது பொய்யின்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

மேனேஜர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். மலைதான் முதலில் வாயைத் திறந்தார். "எனக்கு ஏணின்னாலே பயம் மேடம்" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். அதிகாரியின் உதட்டில் சிரிப்பு வந்து போனது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. அறிவிப்புப் பலகைத் தாள் கிழிக்கப்பட்டது. மலைக்கு வைத்தியச் செலவும் வேலையும் திரும்பக் கிடைத்தன. ரேக்குகள் எல்லாவற்றுக்கும் புதுக் கால் போட்டார்கள். பிளாஷ் அக்காவுக்குக் கிடைத்தது இடமாற்றம். கிடங்கின் பின்கோடியில், ஜன்னல் இல்லாத அறையில், பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. கேமராவை வேறொரு ஆளிடம் கொடுத்தார்கள். "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் கணவர். "ரேக்கு நிக்குதுல்ல?" என்றாள் அவள்.

அவள் வாய் திறந்து முறையிடவில்லை. ஆனால் கேமரா முறையிட்டது. புது ஆள் எடுத்த படங்களில் பாதி வெள்ளை, மீதி ஆட்டம். லாரிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன: "படத்துல ஒண்ணும் தெரியல, நாங்க பொறுப்பில்ல." மேலிடத்திலிருந்து மேனேஜருக்குப் போன் மேல் போன் வந்தது. இரண்டாவது மாதக் கடைசியில், லேபிள் அறைக்கு அவரே நடந்து வந்தார்.

"நாளையிலேர்ந்து நீயே கேமராவ எடுத்துக்கம்மா."

அவள் ஒட்டிக்கொண்டிருந்த லேபிளை நீவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எடுத்துக்கிறேன் சார். ஆனா ஒண்ணு. திங்கக்கிழமைதோறும் எல்லா ரேக்குக் காலையும் எடுப்பேன். தனியா ஒரு நோட்டு போடுவேன். பாத்தேன்னு நீங்க அதுல கையெழுத்துப் போடணும்."

"எனக்கே நிபந்தனை போடுறியா?"

"ஆமா சார்."

அவர் திரும்பி நடந்தார். முடியாது என்று சொல்லவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டாள்.

மலையால் இனிமேல் சுமை தூக்க முடியாது. வலதுகால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வாசலில் லாரிச் சீட்டு எழுத உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருக்கிறதென்று டிரைவர்கள் கேலி செய்கிறார்கள். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுக்கிறார். திங்கட்கிழமைகளில் பிளாஷ் அக்கா ஒவ்வொரு ரேக்காகக் குனிந்து நிமிர்கிறாள். முட்டி வலிக்கிறது, வயது ஆகிறது. முடித்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், அவர் போன் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுகிறாள்.