பதினாறு கட்டங்கள்

ஆம்ப்ரோஸுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. அவருக்கு வேண்டியதெல்லாம் குதிரை ஒன்றுதான். அறுபத்து நான்கு கட்டங்களையும் அது தாவித் தாவி, ஒவ்வொன்றையும் ஒரே தடவை மிதிக்க வேண்டும். தாவிய வரிசைப்படி எண் போட்டால், நெடுக்கில் கூட்டினாலும் குறுக்கில் கூட்டினாலும் இருநூற்று அறுபது வர வேண்டும். உலகத்தில் வேறு பைத்தியமே கிடைக்கவில்லையா என்று கேட்டாள் மனைவி பிரிஜட்.

அதே பைத்தியம் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸ் கம்பம் என்ற கிராமத்திலிருந்த துரைசாமியையும் பிடித்திருந்தது. பத்திரிகைப் புதிர்ப் பக்கத்தில் தொடங்கிய பழக்கம். நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் நான்கு தாவல் எழுதி அனுப்புவார். மற்றவர் தப்பைக் கண்டுபிடித்து ஆங்கிலத்தில் திட்டி எழுதுவார். யாருக்கு என்ன வேலை என்றுகூட விசாரித்துக்கொண்டதில்லை. ஆறு வருஷத்தில் நாற்பத்தெட்டுக் கட்டம் தேறியது. மிச்சம் பதினாறும் துரைசாமி பொறுப்பு.

1979இல் சிராங்கூன் சாலைச் சந்தில் ஆம்ப்ரோஸின் வீட்டை இடித்தார்கள். தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, புது முகவரியை யாருக்கும் எழுதவில்லை. அவருக்கு வேலை தபால் பிரிக்கும் கூடத்தில், ஆளில்லாத வீடுகளுக்கு வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பும் மேசையில். அன்று அந்த மேசைக்கு அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. பழைய முகவரி, துரைசாமியின் கையெழுத்து, தடித்த உறை. பதினாறும் வந்துவிட்டது!

'இது என் கடிதம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் மேசையிலிருந்து உறை எடுத்த ஒருவரைப் போலீஸில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் வேறு முதுகுக்குப் பின்னால் நின்றார். வாயைத் திறக்கப் பயந்துவிட்டார் மனிதர். வழக்கம்போல 'இங்கே ஆள் இல்லை, திருப்புக' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். இன்றைக்கே புது முகவரியை எழுதிப் போட்டால் போயிற்று என்று நினைத்தார்.

போட்டார். அது திரும்பி வந்தது. அந்த வாரமே துவாஸ் கம்பத்தையும் காலி செய்திருந்தார்கள்.

ஏழு வருஷம் தானே போட்டுப் பார்த்தார். பதினாறும் படியவில்லை. 1986இல் தேக்கா சந்தை மீன் கடையில் ஓர் அம்மாள் துவாஸ் கம்பத்தைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. துரைசாமியைத் தெரியுமா என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்தான். அவர் போயி மூணு வருஷமாச்சு. நீங்க?"

பெயரைச் சொன்னார். அந்த அம்மாளின் முகம் இறுகியது.

"அம்மா, அவர் கடைசியா ஒரு லெட்டர் போட்டாரே..."

"லாரியில சாமான் ஏத்துறப்ப திரும்பி வந்துச்சு. பிரிக்காமலே அடுப்புல போட்டுட்டாரு. நம்ம சகவாசம் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமேன்னு அழுதாரு."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஆள் இல்லைன்னு எழுதியிருந்துச்சே. ஆறு வருஷமா பார்த்த கையெழுத்தாச்சே, அவருக்குத் தெரியாதா?"