ரோஹிணி எந்த நிமிஷத்தில் செத்தாள்

ஷிம்னா பதினோரு வருஷம் வடகரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு லேபில் ரத்தம் எடுத்தாள். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவளைப் பிடிக்கும். ஊசி போவது தெரியாது என்பார்கள். முப்பத்திரண்டாம் வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, கோழிக்கோட்டில் ஒரு சினிமாப் படிப்பில் சேர்ந்தாள்.

"இத்தன நாள் ரத்தம் எடுத்தா. இனிமே படம் எடுக்கப் போறாளாம்" என்று அவள் அம்மா சரளா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கோபமாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை. ஷிம்னாவுக்கும்தான்.

இரண்டாம் வருஷம் ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் முடித்துக் கொடுக்க வேண்டும். ஷிம்னா யோசிக்கவே இல்லை. மனைவி குவைத்தில் நர்ஸாக இருக்க, இங்கே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லேபுக்கு வரும் ஆண்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். அப்படி ஒருவனுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுகிறான், பால் விடாத கட்டன் சாயா குடிக்கிறான், அயிலை வாங்கி வருகிறான், முதல் தடவையாகத் தானே மீன் கறி வைக்கிறான், அடிபிடித்துப் போகிறது, மறுபடியும் வைக்கிறான். கடைசியில் போனில் மனைவி வருகிறாள். அவ்வளவுதான் கதை. பன்னிரண்டு நிமிஷம்.

நடித்தது பவித்ரன். வடகரை - குற்றியாடி பஸ்ஸில் டிரைவர். படம் பிடித்ததும் அவன் வீட்டில்தான். சுவரில் மாட்ட மனைவியின் போட்டோ வேண்டும் என்றபோது, அவனுடைய நிஜ மனைவி ரோஹிணி தன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். போனில் வரும் முகமும் அவளே. ரோஹிணிக்கு வீட்டு முன்னறையில் தையல் கடை. குவைத்துக்கெல்லாம் போனவளில்லை. பஸ்ஸில் தலச்சேரி தாண்டினாலே வாந்தி எடுப்பாள்.

வெட்டி ஒட்டும் வேலையைச் செய்தது ஷிம்னாவின் வகுப்புத் தோழன் அஜ்மல். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். படம் ஒரு வடிவத்துக்கு வந்ததும், கல்லூரியில் காட்டுவதற்கு முன்னால் பவித்ரனின் ஊர்க்காரர்களிடம் காட்டிவிடலாம் என்று ஷிம்னா சொன்னாள். அந்த ஊர் வாசகசாலைச் செயலாளரான வாத்தியார் நாணு மாஷ் உடனே ஒத்துக்கொண்டார். ஞாயிறு மூன்று மணிக்கு ஜன்னல்களில் பழைய கட்சி பேனர்களைக் கட்டி இருட்டாக்கி, முப்பது பேரை உட்கார வைத்தார்கள்.

படம் முடிந்தபோது ஐந்தாறு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அஜ்மல் ஷிம்னாவின் முழங்கையைக் கிள்ளினான். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.

அவள் ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தாள். படம் எப்படி இருந்தது, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று மூன்று கேள்வி. திரும்பி வந்த தாள்களில் பாதிக்கு மேல் "நன்றாக இருந்தது" என்றுதான் இருந்தது. நாணு மாஷ் மட்டும் பின்பக்கமும் எழுதி, இடம் போதாமல் எழுந்து பேசவும் செய்தார். உலகமயமாக்கலில் மனிதன் அடையும் தனிமை என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் போனார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அழுத பெண் வாசலில் ரோஹிணியைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் போட்டோவப் பாத்ததுமே எனக்கு அழுகை வந்துடுச்சு மோளே. நல்லா இருக்கறவள இப்படிக் காட்டலாமா. கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிடு."

"எப்படிக் காட்டிருக்காங்க?" என்றாள் ரோஹிணி.

"செத்துப் போனவளா."

ரோஹிணி மெதுவாக ஷிம்னா பக்கம் திரும்பினாள். "ஏண்டி, போட்டோ குடுன்னு கேட்ட. கொல்லப் போறேன்னு சொல்லவேயில்லையே?"

பவித்ரன் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். ஷிம்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவராக நிறுத்தி, "அந்த மனைவி எங்க இருக்கா?" என்று கேட்டாள். பதினான்கு பேரைக் கேட்டதில் பதினொரு பேர் அவள் செத்துவிட்டாள் என்றார்கள். ஒருவர் எந்த வியாதியில் என்றுகூடச் சொன்னார்.

"கடைசில போன்ல வந்து பேசறாளே?"

"அது பழைய வீடியோ. அவ உசிரோட இருந்தப்ப எடுத்தது. அத அவன் போட்டுப் போட்டுப் பாக்கறான். அங்கதான் நான் அழுதுட்டேன்."

வடகரைக்குத் திரும்பும் பஸ்ஸில் அஜ்மல் சொன்னான்: "விடு சேச்சி. அழுதாங்கல்ல? அது போதும். நாம ஒண்ணும் சொல்ல வேணாம். அவ செத்துட்டாள்னே இருக்கட்டும். நம்ம கதையவிட அவங்க கதை நல்லாருக்கு."

"அவங்க அழுதது வேற ஏதோ படத்துக்குடா. அத நான் எடுக்கல."

"யாரு எடுத்தா என்ன, நம்ம பேரு போட்டிருக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. ஆனால் ஒரு கேள்வி அவளை விடவில்லை. அவள் எழுதிய கதையில் சாவு இல்லை. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பிறகு பதினொரு பேர் தலைக்குள்ளும் ஒரே மாதிரி அது எப்படிப் போய் உட்கார்ந்தது?

லேபில் வேலை பார்த்தவளுக்கு ஒன்று தெரியும். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் "ஒரு குறையுமில்லை" என்பார்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்து தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். தான் அச்சடித்த தாளைக் கிழித்துப் போட்டாள்.

அடுத்த வாரம் ரோஹிணியின் தையல் அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரவிக்கை கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், படத்தை முன்னால் பார்க்காதவர்கள், இரண்டு இரண்டு பேராக. அபிப்பிராயம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்த வீட்டுக்காரி எங்க இருக்கான்னு உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கையத் தட்டுங்க. தப்பு சரி ஒண்ணும் கிடையாது."

அவள் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒருத்தி கை தட்டுவதற்கு முன்னாலேயே அவள் கண் சுருங்குவது தெரிந்தது. இரண்டு நிமிஷம் பத்து விநாடியில் ஒரு தட்டல். அடுத்த ஜோடியும் அங்கேயே. அதற்கடுத்த ஜோடியில் ஒரு கல்லூரிப் பெண், இரண்டு பன்னிரண்டு. ரோஹிணி தையல் மிஷினில் இருந்தபடியே, "மறுபடியும் போயிட்டேனா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

அந்த இடத்தில் படத்தில் ஒன்றுமே நடக்காது. பவித்ரன் சாயா கிளாஸோடு சுவர்ப்பக்கம் வந்து நின்று போட்டோவைப் பார்ப்பான். நான்கு விநாடி.

"என்ன பாத்து அப்படி நெனச்சீங்க?" என்று கல்லூரிப் பெண்ணிடம் கேட்டாள்.

"வெளக்கு எரியுதே சேச்சி."

"எந்த வெளக்கு?"

அந்தப் பெண் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தாள். போட்டோவுக்கு நேர் கீழே, ஒரு சிவப்புப் புள்ளி. செத்தவர்கள் படத்துக்கு அடியில் எல்லா வீட்டிலும் எரியும் அந்தக் குட்டி பல்பு போலவே.

ஷிம்னா எழுந்து உள்ளே, போட்டோ மாட்டிய சுவரருகே போனாள். போட்டோவுக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் இன்டர்நெட் பெட்டி. பெட்டி தெரியாது, அதன் சிவப்பு வெளிச்சம் மட்டும் பலகை இடுக்கு வழியாகத் தெரியும். படத்தை இருநூறு தடவையாவது பார்த்திருப்பாள். அஜ்மல் அதற்கு மேல் பார்த்திருப்பான். இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தவர்களுக்கு அது ஒரு பெட்டியின் வெளிச்சம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை.

"மாசாமாசம் அதுக்குக் காசு கட்டறது நானு. என்னையே கொன்னுடுச்சு" என்றாள் ரோஹிணி.

அஜ்மல் அரை மணி நேரத்தில் கணினியில் அந்தப் புள்ளியை அழித்தான். முடிந்தது என்று நினைத்தார்கள். ஷிம்னா புதிதாக ஐந்து பேரைப் பிடித்து உட்கார வைத்தாள். இந்தத் தடவை இரண்டாம் நிமிஷத்தில் யாரும் கை தட்டவில்லை. ஆனால் கடைசியில், போன் வரும் இடத்தில், மூன்று பேர் தட்டினார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்: செத்துவிட்டாள்.

அஜ்மல் தலையில் கை வைத்துக்கொண்டான். "சாகணும்னு முடிவு பண்ணிட்டா சேச்சி. விட்டுடு."

ஷிம்னாவுக்கோ உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஒரு புள்ளியால் வந்தது என்றால் தற்செயல். புள்ளி போன பிறகும் வருகிறது என்றால் காரணம் தான் எழுதியதிலேயே எங்கோ இருக்கிறது. அதைப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி ஜெஸ்னா. குவைத்தில் நிஜமாகவே நர்ஸ், ஒரு மாச லீவில் வந்திருந்தவள். சுரிதார் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் கை தட்டவில்லை. ஆனால் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா, அவ உசிரோட இருக்கான்னு?"

"தெரிஞ்சுது. நம்பத்தான் முடியல."

"ஏன்?"

ஜெஸ்னா திரையைக் காட்டினாள். "போன்ல அவ மட்டும் பேசிட்டே இருக்கா. சாப்டியா, உடம்பு எப்படி, நான் நல்லாருக்கேன், கவலப்படாதேன்னு. இவன் பாத்துட்டு நிக்கறான். யாரு அப்படிப் பேசுவா? போன முதல் வாரம் வேணா பேசுவாங்க. எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

"நீங்க எப்படிப் பேசுவீங்க?"

"பேசவே மாட்டோம்." ஜெஸ்னா சிரித்தாள். "அவரு போனை உப்புப் பரணி ஜாடி மேல சாய்ச்சு வச்சிருவாரு. அவரு பாட்டுக்கு சமையல் பண்ணுவாரு. நான் அங்க துணி மடிப்பேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இருக்காது. நடுவுல அடுப்பக் குறைங்கன்னு சொல்லுவேன். அவரு திரும்பிப் பாக்காமயே குறைப்பாரு. அப்புறம் டூட்டிக்கு நேரமாச்சுன்னு வச்சிருவேன். இதுல என்ன பேசறதுக்கு இருக்கு?"

அறையில் மிஷின் சத்தம் நின்றிருந்தது. ஷிம்னா நோட்டில் "உப்புப் பரணி" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். பதினோரு வருஷம் அந்த ஆண்களைத் தினம் பார்த்தவள் தான். அவர்கள் வீட்டு அடுக்களையில் போன் எங்கே இருக்கும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று எழுதிவிட்டாள். அது அவளுக்கு உறைத்தது.

பவித்ரனின் பஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் போன ஒரு வியாழக்கிழமை காலை, கடைசி மூன்று நிமிஷத்தை மறுபடி எடுத்தார்கள். வசனம் எதுவும் எழுதவில்லை. போன் உப்புப் பரணி மேல் சாய்ந்திருந்தது. ரோஹிணி அடுத்த அறையில் இன்னொரு போனோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். தோன்றினால் பேசு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று மட்டும் ஷிம்னா சொல்லியிருந்தாள்.

பவித்ரன் வெங்காயம் வெட்டினான். ரொம்ப நேரம் கத்திச் சத்தம்தான். பிறகு போனிலிருந்து ரோஹிணி கேட்டாள்: "அது வெங்காயமா வெறகா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வெங்காயத்தை மெல்லிசாக வெட்டினான். கேமரா பிடித்திருந்த பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஷிம்னா அசையாமல் நின்றாள்.

"அடுப்பக் குறை" என்றது போன். குறைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வைக்கறேன்." அவன் 'ம்' என்றான். திரை அணைந்தது. கறி கொதித்துக்கொண்டிருந்தது.

வாசகசாலையில் மறுபடி காட்டினார்கள். முதல் தடவை வந்தவர்களும் வராதவர்களும் கலந்திருந்தார்கள். வெங்காயத்துக்குக் கூரை பறக்கச் சிரித்தார்கள். படம் முடிந்தபோது மூக்குறிஞ்சல் எதுவும் இல்லை. ஷிம்னா தாள் கொடுக்கவில்லை. முன்பு பார்க்காத நான்கு பேரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று தனித்தனியாகச் சொல்லச் சொன்னாள். நான்கு பேரும் அவள் எடுத்த கதையையே சொன்னார்கள். அதில் மீன் விற்கும் பெண் ஒருத்தி, சொல்லி முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டாள்: "அவ எப்ப வருவா?"

"தெரியல" என்றாள் ஷிம்னா. படத்தில் அதற்குப் பதில் இல்லை. இல்லாமலே இருக்கட்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

முன்பு அழுத பெண்ணுக்கு ஏமாற்றம். "அழ வச்சிட்டு இப்ப ஒண்ணுமில்லன்னுட்டீங்க. அவளுக்காக நானே அர்ச்சனை வேற பண்ணிட்டேன்." நாணு மாஷுக்கும் பழையதுதான் பிடித்தது. சாவு இருந்தபோது ஒரு ஆழம் இருந்தது என்றார். "மாஷே, ஆழம் வேணும்னா ஆத்துக்குப் போங்க. நான் செத்துக் குடுக்க மாட்டேன்" என்றாள் ரோஹிணி. மாஷ் கொஞ்ச நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்லூரியில் ஒரு ஆசிரியர் படம் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்றார். இன்னொருவர் கடைசி மூன்று நிமிஷத்தை மற்ற மாணவர்களுக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினார். திருச்சூரில் ஒரு மாணவர் விழாவில் ஓடியது, பரிசு இல்லை. ஜெஸ்னா அதைத் தன் போனில் எடுத்துக்கொண்டு குவைத்துக்குப் போனாள். தங்கியிருக்கும் வீட்டில் ஏழு பேரும் பார்த்ததாகவும், பாதியில் இரண்டு பேர் எழுந்து ஊருக்கு போன் போடப் போய்விட்டதாகவும் குரல் செய்தி அனுப்பினாள். படம் போரடித்ததா பிடித்ததா என்று கேட்க நினைத்து, ஷிம்னா கேட்கவில்லை. எந்த இடத்தில் எழுந்தார்கள் என்று கேட்டாள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் காலை மறுபடி லேபுக்குப் போகிறாள். மற்ற நாட்களில் அடுத்த படத்துக்கான வேலை. படிப்பு முடித்த கூட்டாளிகளும் புதிதாகச் சேர்ந்தவர்களும் முடியாத படங்களை எடுத்துக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். முதலில் வந்தவன் அஜ்மல்தான். படம் ஓடி முடிந்ததும் ஆவலோடு கேட்டான்.

"நல்லாருக்கா சேச்சி?"

"எனக்கெப்படித் தெரியும்? என்கிட்ட நேத்தே கதையச் சொல்லிட்ட. சனிக்கிழமை ரோஹிணி கடைக்கு வா. விஷுவுக்குத் தைச்ச துணி வாங்க ஆள் நிறைய வரும்."