கால் முன்னே வந்தவள்

போர்க்காலத்தில் மட்டக்களப்பில் தாதியியல் படித்த யசோதினிக்குப் படிப்பைவிடக் காலால்தான் பேர். கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். அவள் அப்படிப் பிறந்தவளாம். மின்சாரமில்லாத ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் படியேறிய அவளோடு படித்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், "இடுப்ப மிதி கா, புள்ள!" என்று விடுதிப் பாயில் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். எழும்பும்போது துள்ளிக்கொண்டுதான் எழும்பினார்கள்.

விடுமுறைக்குப் பழுகாமம் போனவள் வீட்டில் பெருமையடித்தாள். அம்மா அவளுடைய அக்காவைக் காட்டி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காலால பொறந்தது நீயில்ல புள்ள, கொக்காதான்!"

விடுதிக்குத் திரும்பியவளை, முதுகெலும்புப் பாடம் எடுக்கும் மிஸ் இடுப்பைப் பிடித்தபடி வாசலிலேயே மறித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாம மிதி, புள்ள."

யசோதினி சிரிப்பை விழுங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

"படுங்க, மிஸ்."