முனை தேய்ந்த ஷூ

ஆள் வருமுன் சத்தம் வந்துவிடும். சரக், சரக் என்று ஷூ முனை தரையை உரசுவது கேட்டதுமே கடையில் காத்திருக்கும் நாங்கள் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிடுவோம். தையல்கார அக்கா முட்டியோடு முட்டி இடிக்க நடந்து வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "ரெண்டு காலும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி. மல்லுக்கு நிக்காம ஒரு அடி வைக்காதுங்க!"

காலையில் கால்கள் விறைத்து மரக்கட்டையாகக் கிடக்குமாம். குளிர் நாளென்றால் கேட்கவே வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து திட்டித் திட்டித்தான் அவற்றை எழுப்புவாராம். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான், அண்ணனுக்கும் இப்படித்தான். "மத்தவங்க அப்பா வீடு வாசல் வச்சுட்டுப் போவாங்க. எங்கப்பா நடையை வச்சுட்டுப் போனார். பாகம் பிரிக்கறதுல சண்டையே வரலை, போங்க!"

மெஷின் மிதியில் முன்பாதம் ஒரு மாதிரி அழுந்திவிட்டால் போதும், கால் தானாக வெடவெடவென்று துடிக்கும். அதைத் தூக்கி மாற்றி வைக்கும்வரை ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். என் சட்டைக் கை ஒன்றை அப்படித்தான் வாய்மூடித் தைத்துவிட்டார். சண்டைக்குப் போனேன். "நான் எப்பவோ நிறுத்திட்டேன். கால்தான் கேக்கலை," என்றார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் கோபம் எங்கே நிற்கும்?

மெஷின் இருப்பது கழிப்பறைக் கதவை ஒட்டி. அவசரம் சொல்லிக்கொண்டு வராது, கால் ஓடவும் விடாது. அதனால் அந்த ஏற்பாடு.

இப்படிச் சிரிக்கிறவருக்கு ஒரே ஒரு பயம், மகள். இந்தக் கால் நோய் அவளுக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றிருக்கிறார் மருத்துவர். அக்காவுக்கு ஆரம்பித்ததும் இந்த வயதில்தான். அப்போது முதலில் தேய்ந்தது ஷூ முனை. அதனால் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு ஷூவையாவது எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்.

நேற்று நான் இருக்கும்போதே பார்த்தார். முனை தேய்ந்து தோல் பிய்ந்திருந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொண்ணைக் கொண்டா."

மகள் தயங்கித் தயங்கி நீட்டினாள். அதன் முனை புத்தம் புதிதாக இருந்தது.

"ஏண்டி, வலது மட்டும் ஏன் இப்படி?"

"திட்டாதம்மா... பந்தை வலது கால்லதானே உதைப்பேன்."

அக்கா இரண்டு ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நம்ம வீட்டு நோய் ரெண்டையும் சேர்த்துத்தாண்டி தேய்க்கும்! நாளைக்கு எப்படியோ, இன்னைக்கு இது பந்து!"

கடைக்குள் பந்து வந்தால் கத்தரிக்கோலால் கிழிப்பேன் என்று மிரட்டுகிறவர் அவர். வெட்டுத் துணிகளை அள்ளி இறுக்கி உருட்டினார், நூலால் வரிந்து கட்டினார், மகளின் வலது காலுக்கு நேராக உருட்டிவிட்டார்.