புளோரன்சிலிருந்து ரோமுக்கு யார் ஓட்டுவது?

ஜூனில் இத்தாலி போகிறோம். புளோரன்சில் கார் எடுத்து ரோம் வரை நாங்களே ஓட்டிப் போவதாகத் திட்டம்.

அதற்கான இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்க இன்று நானும் என் கணவரும் டல்லாஸ் போனோம்.

கவுண்டரில் கொடுத்த ஃபார்மை அவர் என்னிடம் நீட்டினார். "நீயே ஃபில் பண்ணிடேன்."

"கையெழுத்தாவது நீங்க போடுங்க," என்றேன்.

போட்டார். கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, அச்சடித்த எழுத்துகளின் மேல்.

ஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். காருக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "எத்தனை நாளா கண்ணு தெரியல?"

"ஆறு மாசமா. வலது கண்ணு சுத்தமா இல்ல, இடதுல மங்கலாத் தெரியுது. சுகர்னால வந்ததுன்னு டாக்டர் சொன்னார்."

"தினமும் ஃப்ரீவேல குழந்தைய டேகேருக்குக் கூட்டிட்டுப் போறீங்களே."

"லைசென்ஸ் போனா வேலைக்கு எப்படிப் போறது? வேலை போனா விசாவும் போயிடும். என்ன பண்ணச் சொல்ற?"

சாவியை வாங்கிக்கொண்டேன். ஃபிரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீடு வரை நான்தான் ஓட்டினேன்.

புளோரன்சிலிருந்து ரோமுக்கு ரயிலில் போனவர்கள் இருந்தால் விவரம் எழுதுங்கள்.

ஃபிரிஸ்கோவிலிருந்து கார் இல்லாமல் ஆபீஸ் போகிறவர்கள் யாராவது இருந்தாலும் எழுதுங்கள்.