மல்லிகா அக்காவின் பன்னிரண்டு வோல்ட்

முனிர்கா மெட்ரோ வாசலில் என் பேட்டரி ரிக்‌ஷாவோடு சவாரிக்கு நின்றிருந்தபோது மல்லிகா அக்காவின் மகள் கவிதா போன் செய்தாள். "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றாள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு மாணவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

நம் குடியிருப்பில் மல்லிகா அக்காவைத் தெரியாதவர் கிடையாது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, ஆர்.கே.புரம் அரசாங்க குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை செய்தவர். சாந்தமானவர், யார் மனதையும் புண்படுத்தாதவர் என்று அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். நம் அக்கா சண்டைக்காரி.

மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி வீட்டுக் குப்பையில் ஒரு டிரில் கிடந்தது. ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் வகை. பேட்டரி செத்துப்போயிருந்தது. அக்கா அதைக் கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன். இந்த மாடலுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்றார் கடைக்காரர். கடையை விட்டு இறங்கியதும் அக்கா பொரிந்து தள்ளினார்.

"கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சோறு இல்லன்னா ஆளையே தூக்கிப் போட்டுருவானா?"

போன கோடையில், நிலம் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் நம் மின்கம்பிகளை வெட்டிவிட்டுப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. அதே வாரம் புழுதிப்புயல் பாதி வீடுகளின் தகரக் கூரையைப் பெயர்த்துப் போட்டது. மழை வருவதற்குள் கூரை ஏறாவிட்டால் இவர்களே காலி செய்துவிடுவார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். தகரத்தைத் திருகிப் பொருத்த டிரில்லை வாடகைக்குக் கொண்டுவந்தாலும் செருக கரண்ட் இல்லை.

அக்கா நேராக வந்து என் வண்டியின் சீட்டைத் தூக்கினார். "மிஷின் மேல பன்னெண்டு வோல்ட்னு போட்டிருக்கு. உன் பேட்டரி ஒவ்வொண்ணு மேலயும் பன்னெண்டு. ஒண்ணுல இருந்து மட்டும் எடுத்துக்கறேன், தம்பி."

என் பிழைப்பே அந்த நான்கு பேட்டரிதான், முடியாது என்றேன். அதற்குள் அக்கா செத்த பேட்டரியின் கூட்டைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார். வெறும் கூட்டின் முனைகளில் ஒயரை முறுக்கிக் கட்டி மறுபடி டிரில்லில் மாட்டினார். முதலில் போட்டது பல்புக்குப் போடும் மெல்லிய ஒயர். டிரில் முனகியது, ஒயர் சுட்டது, திருகு ஏறவில்லை. நான் சிரித்தேன். அக்கா முறைத்துவிட்டுப் போய்த் தடித்த ஒயரும் ஒரு ஃபியூஸுமாக வந்தார். அப்புறம் எனக்குச் சிரிக்க நேரம் கிடைக்கவில்லை.

ஒயர் எட்டும் தூரம் ஒரு வீட்டுக் கூரைதான். அதனால் வாசல் வாசலாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்கு உயரம் என்றால் பயம், கீழேயே நின்றுகொண்டேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினார். மூன்றாவது சந்தில், கம்பியை வெட்டியவர்களுடைய ஆள் ஒருவர் வந்து, கரண்ட் வெட்டிய இடத்தில் மிஷின் ஓட்டுவது யார் என்று ஹிந்தியில் அதட்டினார். அக்கா தன் ஹிந்தியில் சொன்ன பதிலைத் தமிழில் எழுதுகிறேன்.

"கரண்ட் உங்களுது, வெட்டிக்கிட்டீங்க. பேட்டரி எங்களுது. தள்ளி நில்லுங்க அண்ணே, திருகு விழும்."

மழை வந்தது. ஒரு குடும்பமும் போகவில்லை.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அந்த ஆளும் வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு, இனி யார் மேலே ஏறப்போகிறார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கவிதா டிரில்லை என் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்கோங்கண்ணா. கூப்பிட்டா ஜல்தி வரணும்" என்றாள். டிரில்லும் அந்த வெறும் கூடும் ஒயரும் இப்போது என் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான், அது போதும்.

நேற்றுக் காற்றில் அக்கா வீட்டுத் தகரத்தின் மூலை எழும்பிவிட்டது. கவிதா கூப்பிட்டாள். அவள் வண்டியருகே ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏணியை இறுகப் பற்றிக்கொண்டு நான் ஏறினேன். நாலாவது திருகைப் போடும்போது அந்த ஆள் கீழே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தள்ளி நில்லுங்கள், திருகு விழும் என்றேன்.