விளக்குக்காரரின் ஏணி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் விளக்குக்காரர்தான். இருபத்தாறு வருஷமாக ஏணி தூக்கியவர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். மாடி அறைக்குக் கட்டைவிரல் அளவு ரோபோக்கள் வந்த பிறகுதான் மனுஷனுக்கு வேலையே பிடித்தது. அவற்றுக்கு பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. கூரை விளக்கின் வெளிச்சமே சாப்பாடு. அதே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்து, 'இப்படிப் போ, அப்படித் திரும்பு' என்று கட்டளையும் போடும். மொத்தம் ஆறு விளக்கு. ஒவ்வொன்றும் தனக்கு நேர்கீழே இருப்பவற்றோடு மட்டும் பேசும். அத்தனைக்கும் தானே அப்பன் என்று வீட்டில் மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

ஒரு மாதமாக அந்தப் பெருமையில் மண் விழுந்தது. அவர் வேலைக்கு உள்ளே வந்தாலே சுவரோரத்து ரோபோக்கள் கிறுக்குப் பிடித்ததுபோல் நின்ற இடத்திலேயே சுற்றின. அவர் போனதும் ஒழுங்காக ஓடின.

"உங்க ராசி அப்படிண்ணே," என்று சிரித்தாள் அந்த அறைக்குப் பொறுப்பான பொறியாளர் பெண். போகப்போகச் சிரிப்பு நின்றது. "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க கேட் விளக்கைப் பாத்துக்குங்க. இங்க வேற ஆள் வரட்டும்."

படித்த பெண் பேசுகிற பேச்சா இது? அவருக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "போனாப் போகுது, விடுங்க," என்றாள் மனைவி. விட முடிந்தால்தானே!

வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் வருவதற்கு முன்பே போய் அறையில் சும்மா நின்றார். ரோபோக்கள் ஓடின. மேஜையைச் சுற்றி நடந்தார். ஓடின. ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். சாத்திய கையோடு சுவரோரத்தில் இருந்த நாலு ரோபோக்களும் சுற்ற ஆரம்பித்தன. போன மாதம் வந்த அலுமினிய ஏணி. தினமும் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைப்பது அவர் வழக்கம். நடுவிளக்கின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, சுவரோர விளக்கின் வெளிச்சத்தோடு கலந்து விழுந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கட்டளை போட்டால், பாவம், அவை யார் பேச்சைக் கேட்கும்?

ஏணியை வெளியே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"ராசியெல்லாம் இல்லம்மா," என்றார், அவள் வந்ததும். "ஏணியைப் பளபளன்னு துடைச்சு வெச்சது நான்தான். தப்பு என்னோடது."

அவளே ஏணியை இரண்டு தரம் சாத்தி, எடுத்துப் பார்த்தாள். பிறகு பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"விளக்கைப் பாத்தேன், புரோகிராமைப் பாத்தேன். ஒண்ணும் கிடைக்கலைன்னதும் உங்க மேல பழியைப் போட்டுட்டேன்."

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "கேட் விளக்குக்கு வேற யாரையாவது அனுப்புங்க சார். இவர் எனக்கு இங்க வேணும். இல்ல சார், அவர் மேல ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது."

இந்த வயசில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் அழுவதா என்று அவர் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.